எண்ணெய் போன இடம்

முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் விஸ்வம் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்பது தெரியாது.

குளிர்சாதனக் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. கேஸோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, குழாய் வழியாகப் போய், குளிரறைக்குள் இருக்கும் காயிலைச் சுற்றிவிட்டு, திரும்பும் கேஸோடு மறுபடி கம்ப்ரஸருக்கே வந்து சேரும். போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை, கம்ப்ரஸரின் அடியில் பதித்திருக்கும் வட்டக் கண்ணாடியில் எண்ணெய் பாதியளவில் நிற்கும். மட்டம் இறங்கினால் அது எங்கோ தங்கிவிட்டது என்று அர்த்தம். வெளியே கசிந்திருந்தால் குழாய் மூட்டுகளில் பிசுக்குத் தெரியும். பிசுக்கு இல்லையென்றால் காயிலுக்குள்தான் கிடக்கிறது. அப்போது புது எண்ணெய் ஊற்றக்கூடாது. ஊற்றினால் கண்ணாடியில் மட்டம் ஏறும், பார்ப்பவனுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் காயிலில் கிடப்பது ஒருநாள் மொத்தமாகத் திரும்பி வரும். கேஸை அமுக்குவதற்கென்று செய்த பிஸ்டன் திரவத்தை அமுக்கப் பார்த்து உடைந்துபோகும்.

விஸ்வத்துக்கு இது மனப்பாடம். நாகப்பட்டினத்தில் மீன் ஐஸ் ஃபாக்டரியில் ஐந்தாறு வருஷம் வேலை பார்த்தவன். மொரீஷியஸுக்கு வந்த புதிதில், ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவு ஆட்களைக் கம்ப்ரஸரைச் சுற்றி நிற்கவைத்து இதையெல்லாம் விளக்கியவனும் அவனேதான்.

ஹோட்டல் வடக்குக் கடற்கரையில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து முடிப்பதற்குள் பக்கத்தில் அடுத்ததற்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். காலையில் தையல் ஃபாக்டரிகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு வரிசை பஸ், ஹோட்டல்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு வரிசை பஸ். கையில் தொழில் இருந்தவனுக்கு இருக்க இடமும் உடனே கிடைத்தது. பராமரிப்புப் பிரிவின் தலைவர் பழனியாண்டி, தலைநகர் போர்லூயியின் விளிம்பில் இருக்கும் சாந்த் குருவாவில் தம் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை விஸ்வத்துக்கு விட்டிருந்தார். கோவில் நடந்துபோகும் தூரம்.

பழனியாண்டியும் அவர் மனைவி பாக்கியமும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல். தமிழ் என்றால் சாமி பாட்டு, பண்டிகை, அண்ணன், தம்பி, அக்கா. விஸ்வமும் அதற்குள் கிரியோல் பழகிவிட்டதால் பேச்செல்லாம் அதில்தான். ஆனாலும் அவன் சரளமாகத் தமிழ் பேசுவதை அவர்கள் ஏதோ வரம் போலப் பார்த்தார்கள். கோவிலில் அவனை முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். இலையை எந்தப் பக்கம் போடுவது, அர்ச்சனைக்கு நட்சத்திரம் எப்படிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் "இந்தியாவில் எப்படி?" என்ற கேள்வி அவனிடம் வரும். தெரிந்ததைச் சொன்னான். நாளடைவில் தெரியாததையும் சொன்னான். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

தைப்பூசத்துக்குக் கொடியேறிய அன்று அப்படி ஒரு கேள்வி வந்தது. அந்த வருஷம் விஸ்வமும் பழனியாண்டியும் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார்கள். விஸ்வம் காவடி எடுப்பது அதுதான் முதல் தடவை. ஊரில் அவன் வேடிக்கை பார்த்ததோடு சரி. அது இங்கே யாருக்கும் தெரியாது. பாக்கியம் முற்றத்தில் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழனியாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். உங்க பக்கத்துல, விரதம் இருக்கிறவன் கறி தொங்குற ரூமுக்குள்ள போவானா?"

ஹோட்டலின் பெரிய குளிரறையைத்தான் கேட்கிறார் என்று விஸ்வத்துக்குப் புரிந்தது. அதில் மாட்டுக்கறி கொக்கிகளில் தொங்கும், மீன் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும்.

"அதோட காத்துகூட மேல படக்கூடாது அண்ணே" என்றான்.

பாக்கியத்தின் கை நின்றது. கணவரைப் பார்த்தாள். பழனியாண்டி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "வீ, ஆமா, அப்படித்தான் இருக்கணும்" என்று எழுந்து போனார்.

விரதம் தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கண்ணாடியில் எண்ணெய் இறங்கியிருந்தது. விஸ்வம் மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தான். விரலில் பிசுக்கே ஒட்டவில்லை. எண்ணெய் காயிலில் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கதவைத் திறந்து உள்ளே போய், மேலே ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் காயிலைப் பார்க்க வேண்டும். கதவு அவனுக்கு எதிரிலேயே இருந்தது.

குளிரறையின் சாவி ஒதிலிடம் இருந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கிரியோல் பெண்மணி. பெரிய உடம்பு, வாய்த்துடுக்கு. விஸ்வமும் பழனியாண்டியும் வாசலோடு நிற்பதை இரண்டு நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மிசே விஸ்வம், சாம் ஃப்ருவாவுக்குப் பேய் பிடிச்சிருக்கா? ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கறீங்க."

அங்கே மிசே என்றால் ஐயா, சாம் ஃப்ருவா என்றால் குளிரறை. விஸ்வம் விரதத்தைப் பற்றிச் சொன்னான். ஒதில் தலையாட்டினாள். தங்களுக்கும் ஈஸ்டருக்கு முன்னால் கரேம் என்று நாற்பது நாள் விரதம் உண்டு, ஆனால் மாட்டுக்கறியைக் கண்ணால் பார்த்தால் பாவம் என்று பாதிரியார் இதுவரை சொன்னதில்லை, ஒருவேளை மறந்திருப்பார் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, என்ன பார்க்க வேண்டும் சொல்லுங்கள், நான் பார்த்து வருகிறேன் என்று கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ஃபேன் சுற்றுகிறதா, காயில் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னான். அவள் போய்விட்டு உள்ளங்கைகளைத் தேய்த்தபடி வந்தாள். ஃபேன் சுற்றுகிறது. காயில் வெள்ளையாக இருக்கிறது, எப்போதும் போல.

வெள்ளை என்பது பதில் ஆகாது. தகடுகளுக்கு இடையே சந்து தெரிகிறதா, விரல் நுழையுமா, அல்லது ஒரே பாளமாக உறைந்துவிட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். பாளமாக உறைந்திருந்தால் காற்று போகாது, கேஸின் வேகம் குறையும், எண்ணெய் வர வழியில்லாமல் அடியில் தேங்கும். கேட்க அவனுக்குத் தெரியும். கேட்டு அவள் பாளம் என்று சொல்லிவிட்டால் உள்ளே போயாக வேண்டும். அதனால் கேட்கவில்லை. மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு எண்ணெய் டப்பாவை எடுத்து, கண்ணாடியில் பாதி வரும்வரை ஊற்றினான். பழனியாண்டி பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தார். ஊற்றக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே ஊற்றும்போது அவர் என்ன சொல்வார்?

அடுத்த நாள் மட்டம் மறுபடி இறங்கியது. மறுபடி ஊற்றினான். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் டப்பாவின் மூடியைத் திருகும்போது, விரதம் முடிந்ததும் முதல் வேலையாக உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தது. புயல் தீவைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. ஆனால் சாயங்காலம் அடித்த காற்றில் மின்கம்பிகள் அறுந்து கரண்ட் போயிற்று. ஹோட்டலின் ஜெனரேட்டர் விளக்குகளுக்கும் சமையலறைக்கும்தான் போதும். பராமரிப்பு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் விஸ்வத்துக்கு ஞாபகம் வந்தது. கம்ப்ரஸரின் மெயின் சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் வந்தால் அது தானாக ஓடத் தொடங்கும். அதற்குள் காயிலில் பனி இளகி, தேங்கிய எண்ணெய் எல்லாம் குழாயின் வாயில் வந்து காத்திருக்கும். இறங்கித் திரும்பிப் போகலாமா என்று பார்த்தான். மழை பஸ்ஸின் ஜன்னலில் சாட்டையாக அடித்தது. பழனியாண்டி பக்கத்தில் கண்ணை மூடியிருந்தார். இறங்கவில்லை.

விடிந்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டிருந்தது. கம்ப்ரஸர் பாறையில் சுத்தியல் அடிப்பதுபோல நாலைந்து தடவை அடித்துவிட்டு நின்றுவிட்டது என்று சமையலறை ஆட்கள் சொன்னார்கள். அதன் தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தார்கள். வால்வுத் தகடுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் ஒன்று வளைந்திருந்தது. சிலிண்டர் நிறைய எண்ணெய். மூன்று நாளாக விஸ்வம் ஊற்றியது, அதற்கு முன்பே போனது, எல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

உதவி மேனேஜர் தெனி வந்தார். கறியையும் மீனையும் பக்கத்து ஹோட்டலுக்கு லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டு, பளபளக்கும் தோல் ஷூவோடு குளிரறைக்குள் போனார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, காயிலின் மேல்பாதி இன்னும் ஒரே பனிப்பாளமாக இருக்கிறது, எப்படி என்று கேட்டார். விஸ்வம் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

யாரும் பதில் சொல்லாததால் தெனியே பதிலையும் கண்டுபிடித்தார். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போனால்தான் பனி கட்டும். சாவி வைத்திருப்பவள் கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சமையல்காரர்களோடு அரட்டை அடித்தால் ஈரம் போகாமல் என்ன செய்யும்? ஒதில், தான் கதவைத் திறந்து வைத்ததே இல்லை என்றாள். தெனி விஸ்வத்தின் பக்கம் திரும்பினார்.

"கதவுதானே காரணம்?"

"பெத்தேத்" என்றான் விஸ்வம். இருக்கலாம் என்பதற்கு அங்கே அதுதான் சொல்.

ஒதில் அவனைப் பார்த்தாள். கோபமில்லை. சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல ஒரு பார்வை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாவிக்கொத்தைத் தெனியிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை முடிவு சொல்லும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வேலை போய்விட்டது என்று சமையலறை முழுக்கப் பேச்சு. அவளுக்குப் புருஷன் இல்லை, மூத்த மகள் மட்டும் தையல் ஃபாக்டரிக்குப் போகிறாள் என்பதும் அந்தப் பேச்சில்தான் விஸ்வத்துக்குத் தெரிந்தது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் விஸ்வம், நாளை தெனியிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றான். பழனியாண்டி பக்கத்து சீட்டுகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், சொல்லாதே என்றார். தமிழர்கள் விரதம் இருந்ததால் மெஷின் உடைந்தது என்று ஆகிவிடும். தோட்டத்தில், உணவறையில், லாண்டரியில் நம் ஆட்கள் எத்தனை பேர்? அடுத்த வருஷம் ஒருவனுக்கும் காவடிக்கு லீவு கிடைக்காது. ஒதிலுக்குத் தானே வேறு ஹோட்டலில் வேலை கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

அப்புறம், ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் வருஷா வருஷம் உள்ள போவேன் தம்பி. வேலைய முடிச்சிட்டு, வந்து குளிச்சிடுவேன். அதுதான் சரின்னு நெனச்சிட்டிருந்தேன். நீ சொன்னதும் எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு. இத்தனை வருஷமும் சாமிக்குத் தப்புப் பண்ணிட்டேனோன்னு."

 விஸ்வம் நாகப்பட்டினத்தில் மீன் செதில் ஒட்டிய தரையில் உட்கார்ந்து சோறு தின்றவன். கார்த்திகை விரதத்தன்றும் அங்கேதான் வேலை பார்த்தான். குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போனான். காற்றுகூடப் படக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த முற்றத்தில், அந்த நிமிஷத்தில், கேட்க நன்றாக இருந்ததால் அவன் வாயில் வந்த வாக்கியம் அது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் குளிரறைக்குள் போனான். கறி எல்லாம் போய்க் கொக்கிகள் மட்டும் தொங்கின. வாடை அப்படியே இருந்தது. ஏணி போட்டு ஏறி, காயிலின் மூடியைக் கழற்றினான். பனியை உருக்குவதற்காகக் காயிலில் செருகியிருக்கும் ஹீட்டர் கம்பி நடுவில் கருகி அறுந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏணியில் ஏறி இறங்கும் நேரத்தில் தெரிந்துவிடக்கூடியது. கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தெனியின் அறைக்குப் போனான். வழியில் பார்த்த பழனியாண்டியும், தடுப்பதற்கோ துணைக்கோ, பின்னால் வந்தார்.

ஹீட்டர் போனதால் பனி பாளம் கட்டியது, அதனால் எண்ணெய் திரும்பவில்லை, குறைந்ததற்குக் காரணம் பார்க்காமல் நான் ஊற்றிக்கொண்டே போனேன், அது மொத்தமாக வந்து உடைத்தது என்று வரிசையாகச் சொன்னான். ஏன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்று தெனி கேட்டார். விரதம் என்றான்.

தெனி கம்பியை மேஜைமேல் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்த விஸ்வத்துக்கு அவர் குழம்பிப்போய் நின்றது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு மணி நேரம் கறியைப் பக்கத்து அறைக்கு மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன் என்றார். பிறகு பழனியாண்டியைப் பார்த்து, உங்கள் மதத்தில் அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்டார்.

"வீ மிசே" என்றார் பழனியாண்டி உடனே. "எங்களுக்கு எப்பவுமே அப்படித்தான். தம்பி மேல தப்பில்ல."

அவர் பொய் சொல்லி விஸ்வம் கேட்டதே இல்லை. தன்னைக் காப்பாற்ற அவர் முதல் பொய்யைச் சொல்கிறார் என்பது அவனுக்குத் தாங்கவில்லை.

"இல்ல மிசே. அப்படி விதி எதுவும் கிடையாது. நான் பெரிய ஆள் மாதிரி இருக்கணும்னு அண்ணன்கிட்ட நானா சொன்னது. அண்ணன் இத்தனை வருஷம் உள்ள போய் வேலை பாத்துட்டுத்தான் காவடி எடுத்தாரு. நான் சொன்னதாலதான் இந்தத் தடவை போகல."

அவன் பழனியாண்டியின் பக்கம் திரும்பவில்லை.  தெனி ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதுக் கம்ப்ரஸர் போர்லூயியிலிருந்து வந்தால் மாட்டுவதற்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை, மற்றது உன் கான்ட்ராக்ட் முடியும்போது பேசிக்கொள்வோம் என்றார். ஒதிலிடம் போய் வேலைக்கு வரச் சொல்லவேண்டியது நீதான் என்றார்.

வெளியே வந்ததும் பழனியாண்டி, பட்டறையில் வால்வு வேலை ஒன்று பாக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு வழியாகப் போய்விட்டார்.

ஒதில் வீடு ரோஷ் புவாவில், தகரம் வேய்ந்த சிறிய வீடு. மகள் ஜன்னலருகே துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒதில் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் ஹீட்டரைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் சொல்லி, பர்தோன் என்று மன்னிப்புக் கேட்டான். அவள் கதவுச் சட்டத்தில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"என்னைப் பாக்கச் சொன்னீங்க, பாத்தேன். வெள்ளையா இருக்குன்னேன், இருந்துச்சு. அப்புறம் தெனிகிட்ட பெத்தேத்னீங்க. அத எங்கேயிருந்து பாத்தீங்க மிசே விஸ்வம், வாசலுக்கு வெளியேயிருந்தா?"

 திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள். இஸ்திரிப் பெட்டி ஒருகணம் நின்று மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது பாக்கியத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விஸ்வம், நான் இந்த வருஷம் காவடி எடுக்கவில்லை, எனக்கு யோக்கியதை இல்லை என்றான்.

"இன்னொரு சட்டம் போடாத தம்பி" என்றாள் பாக்கியம். காவடிக்குக் கட்டவேண்டிய பூவைக் கணக்குப் பார்த்துச் சொல்லியாகிவிட்டது, உனக்காக மாற்ற முடியாது என்றும் சொன்னாள். சோறு போட்டாள். பழனியாண்டி தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.  அதற்குப் பிறகு அவர் விஸ்வத்திடம் கோவில் விஷயமாக ஒன்றும் கேட்கவில்லை. தம்பி என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

திங்கட்கிழமை புதுக் கம்ப்ரஸர் ஓடியது. ஹீட்டரும் புதிது. கறியும் மீனும் திரும்பி வந்து அறை நிறைந்துவிட்டது. விரதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. கண்ணாடியில் எண்ணெய் பாதியைவிடக் கொஞ்சம் கீழே நின்றது. குழாய்ச் சுவர்களில் படிந்தது போக மட்டம் இப்படித்தான் நிற்கும், ஒன்றும் பயமில்லை. ஆனால் விஸ்வம் டப்பாவைத் தொடவில்லை. ஸ்டோருக்குப் போய் ஒதிலிடம், காயிலைப் பார்க்க வேண்டும், கதவைத் திறங்கள் என்றான்.

அவள் சாவியைப் போட்டுக் கனத்த கதவை இழுத்தாள். குளிர் புகையாக வந்து அவன் காலில் விழுந்தது. பழனியாண்டி ஏணியைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் உள்ளே நடந்தார். தொங்கும் மாட்டுத் தொடைகளை முழங்கையால் ஒதுக்கி வழி செய்துகொண்டே போனார், எத்தனையோ வருஷம் போய்ப் பழகியவர் அவர். விஸ்வம் வாசற்படியில் ஒருகணம் நின்றான்.

"போங்க மிசே" என்றாள் ஒதில். "கதவு தொறந்திருந்தா என் பேர்தான் கெடும்."

அவன் உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் அவள் கதவை இழுத்து மூடினாள்.